பிரெட்ரிக் என்ற பெயர் நம்மிடம் வந்த வழி



நம் சபையின் பெயர்ப் பட்டியலை ஒருநாள் ஆறுதலாக எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் மூன்று வகைப் பெயர்கள் இருக்கும். தானியேல், யோசுவா, எஸ்தர், ரூத் என்று வேதாகமத்திலிருந்து வந்தவை ஒரு வகை. அருளானந்தம், தேவராஜன், ஞானமணி, செல்வராணி என்று ஊரிலேயே பிறந்தவை இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் விசித்திரமானது. வில்லியம், எட்வேட், ஹென்றி, ரொபேட், அல்பிரட், ஆர்னல்ட், பிரெட்ரிக். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் இவற்றில் ஒன்றைக்கூடக் காண முடியாது. ஆனாலும் நம் அப்பப்பாமாரும் அம்மப்பாமாரும் இவற்றைக் "கிறிஸ்தவப் பெயர்" என்றே சொல்லி வந்தார்கள். உண்மையில் இவை ஜேர்மானிய இனத்தாரின் பெயர்கள். அந்த மக்கள் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே இரண்டு சொற்களை ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் எடுத்து, அது எங்கே பிறந்து, யார் கையால் நம் வீடுகளுக்குள் வந்தது என்று பார்ப்போம். பிரெட்ரிக்கைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் ரூ பெர்தொனேயில் மரக்கறிக் கடைகளுக்கு முன்னால் நின்று "பிரெட்ரிக் அண்ணை" என்று சத்தமாகக் கூப்பிட்டால், அறுபதைத் தாண்டிய யாராவது ஒருவர் முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். அதே பெயரை, தாதிகளான நாங்கள், வைத்தியசாலைக் காத்திருப்பு அறையில் "மிஸ்யூ பிரெட்ரிக்" என்று கூப்பிட்டால் எழும்பி வருவது இருபது வயதுப் பொடியன். அவனுடைய சொந்தப் பெயர் வேறு. பிரெட்ரிக் அவனுடைய அப்பப்பா.

இது எப்படி நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஊரில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. அப்பாவின் பெயர் முன்னுக்கு வரும், தன் பெயர் பின்னுக்கு வரும். ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னெழுத்து மாறிக்கொண்டே போகும். பிரான்சுக்கு வந்தபோது படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஒன்று குடும்பப் பெயர், மற்றது சொந்தப் பெயர். அப்பாவின் பெயர் முதற் கட்டத்துக்குள் போனது. அகதிகளுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஒஃப்ப்ரா அலுவலகம் அதையே முத்திரை குத்திக் கொடுத்தது. அன்றிலிருந்து முன்னெழுத்து மாறுவது நின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு மனிதருக்கு ஞானஸ்நானத் தொட்டியடியில் வைத்த பெயர், பாரிஸில் ஒரு வம்சத்தின் பெயராக உறைந்துவிட்டது. நம்முடைய அக்காமார் பாடு இன்னும் வேடிக்கை. "மதாம் பிரெட்ரிக்" என்று கூப்பிட்டால், அது அவருடைய அப்பாவா, புருஷனா என்று கோப்பைத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கிலும் முற்காலத்தில் பிள்ளைகள் அப்பாவின் பெயரோடு "மகன்" என்ற சொல்லைச் சேர்த்துத்தான் தங்களைச் சொன்னார்கள். பிரெதெரிக்கின் மகன் பிரெதெரிக்சன். அவனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வேறு பெயர். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கம், போதும், ஒரு பெயரில் நில்லுங்கள் என்றது. பெயர்கள் உறைந்தன. 2019இல் டென்மார்க்கின் பிரதமரான பெண்மணியின் பெயர் மெத்த பிரெதெரிக்சன். அவர் யாருடைய மகனும் அல்ல! எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு பிரெதெரிக்கின் பெயரை, நம் வாலிபர் சிலரைப் போலவே, அவரும் சுமந்துகொண்டு திரிகிறார்.

இனிப் பெயருக்குள் நுழைவோம்.

பழைய ஜேர்மன் மொழியில் இது இரண்டு துண்டு. முதல் துண்டு "ஃப்ரித்", அதாவது சமாதானம், பாதுகாப்பு. இரண்டாவது துண்டு "ரிக்", அதாவது ஆளுகை, ஆளுபவன். சமாதானத்தோடு ஆளுபவன் என்று கருத்துச் சொல்லலாம். "ரிக்" என்ற துண்டு ஹென்றி, ரிச்சர்ட், எரிக் ஆகிய பெயர்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் ராஜாவைச் சொல்லும் "ரெக்ஸ்", நாம் தினமும் கேட்கும் பிரெஞ்சுச் சொல் "ருவா", வடமொழியின் "ராஜன்" எல்லாம் அதே வேரிலிருந்து வந்த சகோதரர்கள். ஆகவே பிரெட்ரிக்கின் வாலில் இருப்பதும் தேவராஜனின் வாலில் இருப்பதும் ஒன்றுதான்.

முன் துண்டு இன்னும் சுவையானது. "ஃப்ரித்" என்பதன் ஆதி வேருக்கு நேசித்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் "ஃப்ரெண்ட்" அதிலிருந்து வந்தது. வடமொழியில் அதே வேர் "பிரிய" என்று நிற்கிறது. அப்படியானால் பிரெட்ரிக்கை வேரோடு பிடுங்கித் தமிழ் மண்ணில் நட்டால் பிரியராஜ் என்று முளைக்கும். ஜேர்மானிய மொழிகளில், ஆதியில் "ப" என்றிருந்த ஒலி "ஃப" என்று மாறியது. வடமொழியில் பாதம், ஆங்கிலத்தில் ஃபுட். அங்கே பஞ்ச, இங்கே ஃபைவ். நம் பாட்டிமார் "ஃப" சொல்ல வராமல் "பிரெட்ரிக்கு" என்று கூப்பிட்டபோது பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டியோ இரண்டாயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு மாற்றத்தைத் தன்னை அறியாமல் நேராக்கிக்கொண்டிருந்தார்.

பெயரின் பொருள் சமாதானம் என்றாலும் அதைச் சுமந்த எல்லாரும் சமாதானக்காரர் அல்லர். முதலில் பரிசுத்தவானைச் சொல்வோம். நெதர்லாந்தின் உத்ரெக்த் நகரில் பிஷப்பாக இருந்த பிரெதெரிக் 838ஆம் ஆண்டளவில் கொலையுண்டார். வருட முடிவில் தபால்காரர் கொண்டுவந்து தரும் நாட்காட்டியில் ஜூலை 18ஆம் தேதியைப் பாருங்கள். பிரெதெரிக் என்று போட்டிருக்கும். அது அவருடைய நாள். புரொட்டஸ்தாந்தரான நாம் பரிசுத்தவான்களின் நாட்களை ஆசரிப்பதில்லை. ஆனாலும் வேலைத்தலத்தில் யாராவது அன்றைக்கு வாழ்த்துச் சொன்னால் ஏனென்று தெரிந்திருப்பது நல்லது.

பெயரை ஜேர்மனி முழுவதும் பரப்பியவர்கள் பேரரசர்கள். செந்தாடியர் என்று பட்டப்பெயர் பெற்ற முதலாம் பிரெட்ரிக் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் 1190இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவருடைய பேரன் இரண்டாம் பிரெட்ரிக் 1229இல் எகிப்தின் சுல்தானோடு பேசி, உடன்படிக்கை எழுதி, யுத்தம் செய்யாமலே எருசலேமைப் பெற்றார். பெயருக்கு ஏற்ற காரியம் என்று நாம் சொல்லலாம். போப்பாண்டவர் அவரைச் சபையிலிருந்து நீக்கி வைத்திருந்தார் என்பது இதில் வரும் வேடிக்கை.

நமக்கு அதிகம் வேண்டியவர் சக்சோனி நாட்டு ஞானி பிரெட்ரிக். 1502இல் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் வேதம் போதித்த ஒரு துறவிதான் மார்ட்டின் லூதர். 1521இல் வோர்ம்ஸ் மன்றத்தில் லூதர் தன் எழுத்துக்களை மறுதலிக்க மாட்டேன் என்று நின்றார். உயிருக்கு ஆபத்து வந்தது. அப்போது, திரும்பி வரும் வழியில் அவரைக் கடத்துவதுபோலக் கடத்தி, வார்ட்பேர்க் கோட்டையில் ஒளித்து வைக்கச் செய்தவர் இந்த பிரெட்ரிக். அந்த ஒளிப்பிடத்தில்தான் லூதர் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் ஆக்கினார். பிரெட்ரிக்கோ பரிசுத்தவான்களின் எலும்புகளையும் துணிகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பழைய நம்பிக்கைக்காரர். லூதரோடு நெருங்கிப் பழகியவரும் அல்லர். தன் நாட்டான் ஒருவனை நியாயமாக விசாரிக்காமல் கொல்ல விடமாட்டேன் என்ற ஒரு பிடிவாதம் அவரிடம் இருந்தது. அது போதுமாயிருந்தது.

இன்னொரு பிரெட்ரிக்கை பாரிஸில் இருக்கும் நாம் மறக்கக்கூடாது. 1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னன் நாந்த் கட்டளையை நீக்கிப் புரொட்டஸ்தாந்தரின் ஆராதனையைத் தடை செய்தான். பாரிஸ் நகருக்குள் ஆராதிக்க உரிமை இல்லாமல் ஷரந்தோனுக்குப் போய் ஆராதித்து வந்த நம் முன்னோரின் ஆலயம் இடிக்கப்பட்டது. போதகர்கள் பதினைந்து நாட்களுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் போகவே கூடாது. போக முயன்று பிடிபட்டால் ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அதற்குச் சில வாரங்களுக்குள் பிரண்டன்பேர்க்கை ஆண்ட பிரெட்ரிக் வில்லியம், பொற்ஸ்டாமில் ஒரு கட்டளை பிறப்பித்தார்: தப்பி வருகிறவர்கள் என் நாட்டுக்கு வரலாம், வீடு கட்ட இடம் உண்டு, சில வருடங்களுக்கு வரி இல்லை, உங்கள் மொழியிலேயே ஆராதிக்கலாம். சுமார் 20,000 பேர் போனார்கள். பேர்லினில் பிரெஞ்சு ஆலயம் எழுந்தது. ஆட்கள் இல்லாத நாட்டுக்கு உழைப்பாளிகள் தேவைப்பட்டார்கள் என்பதும் உண்மைதான். இரக்கம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. ஆனாலும் பிரெட்ரிக் என்ற பெயருள்ள ஒருவரிடம் பிரான்சிலிருந்து அகதிகள் ஓடினார்கள், முந்நூறு வருடங்களுக்குப் பின் பிரெட்ரிக் என்ற பெயருள்ள அகதிகள் பிரான்சுக்கு ஓடி வந்தார்கள் என்பதை எழுதும்போது நமக்குப் பேனா சற்று நின்றது.

அவருடைய கொள்ளுப்பேரன் மகா பிரெட்ரிக் 1740இல் சிங்காசனம் ஏறிய அதே வருடம் அயல்நாட்டுக்குள் படையோடு புகுந்தார். சமாதான ராஜா என்ற பெயருக்கு அவ்வளவுதான் மதிப்பு. அவரைப் பற்றி இங்கே அதிகம் வேண்டாம்.

தமிழ்க் கரைக்கு இந்தப் பெயர் வந்தது டென்மார்க் வழியாக. டென்மார்க்கின் ராஜாக்கள் 1513 முதல் ஒரு கிறிஸ்தியான், ஒரு பிரெதெரிக் என்று மாறி மாறி வந்தார்கள். நான்காம் பிரெதெரிக் 1699இல் அரசனானார். தமிழ்நாட்டில் தரங்கம்பாடி டேனியரிடம் இருந்தது. அங்கே சுவிசேஷம் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். தன் நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜேர்மனியிலிருந்து இரண்டு வாலிபரைப் பிடித்து அனுப்பினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயது நிறையப் போகும் பருவம். உங்களில் பலருடைய வயது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்தோடு ராஜாவின் பெயர் முத்திரையை இன்றும் காணலாம். தமிழ்நாட்டில் கல்லில் நிற்கும் பிரெட்ரிக் அது.

டேனிய ராஜாக்களின் கதை அதோடு முடியவில்லை. வங்காளத்தில் அவர்களிடம் இருந்த செராம்பூருக்கு ஐந்தாம் பிரெதெரிக்கின் பெயரால் பிரெதெரிக்ஸ்நகர் என்று பெயர். ஆங்கிலேயக் கம்பெனி மிஷனெரிமாரை அண்டவிடாத காலத்தில் வில்லியம் கேரிக்கு இடம் கொடுத்த ஊர் அது. 1827இல் ஆறாம் பிரெதெரிக் செராம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். நம் போதகர்மார் பலருடைய பெயருக்குப் பின்னால் நிற்கும் பி.டி. பட்டம் எந்தச் சாசனத்தின் கீழ் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த பிரெதெரிக்கிடம்தான் போய் நிற்கும். 2024 ஜனவரியில் பத்தாம் பிரெதெரிக் அரசராகியிருக்கிறார். வரிசை இன்னும் அறவில்லை.

ஆனால் தமிழர் நெஞ்சில் இந்தப் பெயரை இருத்தியவர் ராஜா அல்ல. கிறிஸ்தியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ். டேனிய ராஜாக்களின் இரண்டு பெயரும் தற்செயலாக ஒருவருக்கே அமைந்தது. 1726இல் பிரண்டன்பேர்க்கின் சொன்னன்பேர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. ஹாலேயில் படிக்கும்போதே தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1760இல் இலங்கைக்கும் வந்து போனார். பிறகு திருச்சி, பிறகு தஞ்சாவூர். 48 வருடங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. கலியாணமும் செய்யவில்லை. தமிழோடு பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி, போர்த்துக்கீசம் எல்லாம் பேசினார்.

பெயரின் முதல் துண்டுக்கு அவர் செய்த நியாயத்தைப் பாருங்கள். 1779இல் சென்னை அரசாங்கம் ஹைதர் அலியின் மனதை அறிய ஒரு ஆளை அனுப்ப நினைத்தது. அதிகாரிகள் யாரையும் ஹைதர் நம்பமாட்டார். சுவார்ட்ஸ் ஐயர் போனார், சீரங்கப்பட்டணத்துக்கு. ஹைதர் அவரை மரியாதையாக வரவேற்று, தடையில்லாமல் பிரசங்கிக்கவும் விட்டார். கொடுத்த பணத்தை ஐயர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சமாதானம் மட்டும் நிலைக்கவில்லை. அடுத்த வருடமே யுத்தம் மூண்டு தஞ்சாவூர் நாடு பாழானது. கோட்டைக்குள் பட்டினி. வெளியே குடியானவர்களிடம் மாடும் நெல்லும் இருந்தும் கொண்டுவர யாரும் துணியவில்லை. முன்னே கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கிடைத்ததில்லை. ராஜாவின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்பாதவர்கள் சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கை நம்பி வண்டி கட்டினார்கள். அவர் சொன்னபடி காசும் கொடுத்தார். தானே முன்னதாக நெல் வாங்கிச் சேமித்து வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றவும் செய்தார்.

துளஜா ராஜா சாகும் முன் தன் சுவீகார புத்திரன் சரபோஜியை இவருடைய பாதுகாப்பில் விட்டார். அந்தப் பிள்ளைக்குப் படிப்பும் உயிர்ப் பாதுகாப்பும் கிடைக்கச் செய்தவர் ஐயர். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனால் 1798 பெப்ரவரி 13இல் சுவார்ட்ஸ் மரித்த பிறகு, இலண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்துத் தஞ்சாவூர் ஆலயத்தில் வைத்தார். மரணப் படுக்கையில் கிழவர். பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருக்கும் ராஜா. தாதிகளான நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் கவனிப்பது அந்தக் கையைத்தான். கடைசி நேரத்தில் பிடிக்க ஒரு கை இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் வேலையில் பெரிய விஷயம்.

பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் கூட்டிவந்து வளர்த்த இன்னொரு பிள்ளைதான் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய பாட்டுக்கள் இல்லாமல் நம் கிறிஸ்துமஸ் நடக்காது. இதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: பிரெட்ரிக் வளர்த்த பிள்ளை பிரெட்ரிக் ஆகவில்லை, வேதநாயகமாகவே வளர்ந்தது. முதல் தமிழ்ப் போதகர் ஆரோன், பிறகு சத்தியநாதன் என்று அந்தக் கால ஊழியரின் பெயர்கள் வேதாகமத்திலிருந்தோ தமிழ் வழக்கிலிருந்தோ வந்தன. பழைய ஜேர்மன் ஐயர்மார் தங்கள் பெயரைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதில் அவசரப்படவில்லை. ஐயரையும் ஜனங்கள் சுவார்ட்ஸ் என்றே நினைவில் வைத்தார்கள். அப்துல் கலாம் படித்த இராமநாதபுரம் பள்ளிக்கூடத்துக்கும் சுவார்ட்ஸ் என்றுதான் பெயர்.

நம் இலங்கை வீடுகளுக்குப் பெயர் வந்த கதவு வேறு. 1714இல் ஜேர்மனியின் ஹனோவர் குடும்பம் இங்கிலாந்தின் சிங்காசனத்துக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயரிடையே பிரெட்ரிக் அபூர்வம். ராஜகுடும்பம் வைத்த பெயரைப் பிரபுக்கள் வைத்தார்கள், பிரபுக்கள் வைத்ததைக் கடைக்காரர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது அது இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயராகிவிட்டது. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநரே ஒரு பிரெட்ரிக்தான்: பிரெட்ரிக் நோர்த், 1798 முதல் 1805 வரை.

திருகோணமலைக்காரருக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கற்களையும் வைத்துக் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். 1803இல், மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் மகனும் படைத் தளபதியுமான யோர்க் பிரபு பிரெட்ரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். உள்ளே மான்கள் மேய்கின்றன, இராணுவமும் இருக்கிறது. சமாதானம் என்று தொடங்கும் பெயரை இடித்த கோயிலின் கல்லில் எழுதி, பீரங்கிக்குப் பக்கத்தில் மாட்டியது நமக்கு உறுத்துகிறது. சைவ நண்பர்கள் நம் பெயர்களைக் கேட்டு முகம் சுழித்தால், அவர்கள் நினைவில் இருப்பது சுவார்ட்ஸ் ஐயர் அல்ல, இந்தக் கோட்டை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனெரிமாரின் விடுதிப் பள்ளிகளில், ஒரு பிள்ளையின் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பும் அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். அப்படித்தான் வட்டுக்கோட்டைச் செமினரிப் பிள்ளைகள் பலர் கண்டறியாத மனிதரின் பெயரோடு வளர்ந்தார்கள். "பாவலர் சரித்திர தீபகம்" எழுதிய சதாசிவம்பிள்ளையும் ஜே. ஆர். ஆர்னல்ட்தான். உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய அவர் தன் தமிழ்ப் பெயரை விடவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார். கழுகையும் வல்லமையையும் சேர்த்த ஜேர்மானியப் பெயர் ஆர்னல்ட். அதை வைத்துக்கொண்டு அவர் செய்தது தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த வேலை. பெயரைப் பார்த்து ஆளை அளக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பெயரைப் பிடித்துக்கொண்ட இன்னொருவரையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெட்ரிக் டக்ளஸ் 1838இல் தப்பி ஓடினார். பிடிபடாமலிருக்கக் குடும்பப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. அடைக்கலம் கொடுத்த நண்பரிடம், குடும்பப் பெயரை நீரே தெரிந்தெடும், ஆனால் பிரெட்ரிக்கை மட்டும் என்னிடமிருந்து எடுக்க வேண்டாம், நான் யார் என்பதற்கு அது ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்ற கருத்தில் சொன்னார். அந்தப் பெயர் அவருடைய ஆப்பிரிக்க முன்னோரின் மொழியில் இருந்து வந்ததல்ல. ஆனால் அம்மா வைத்த பெயர்.

பெண்பிள்ளைகள் கோபிக்காதபடி பிரெடெரிக்காவையும் சொல்லி விடுகிறோம். 1836இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் பிரீடெரிக்க பிளீட்னரும் அவருடைய கணவர் போதகர் தெயோடரும் சேர்ந்து ஒரு வைத்தியசாலையும், நோயாளரைப் பராமரிக்கும் சகோதரிகளைப் பயிற்றும் இல்லமும் தொடங்கினார்கள். பிரீடெரிக்க 1842இல் 42 வயதில் இறந்துவிட்டார். 1851இல் அந்த இல்லத்துக்கு வந்து மூன்று மாதம் பயின்ற ஆங்கிலேயப் பெண் புளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய சீமாட்டியைத் தாதியர் கல்லூரியில் எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள். அவருக்கு முன் விளக்கைத் துடைத்து வைத்த போதகர் மனைவியை யாரும் சொல்வதில்லை. பாரிஸிலும் அதே மாதிரியில் 1841இல் ரொய்யி சகோதரிகள் சபை தோன்றி இன்றும் ஊழியம் செய்கிறது.

பிரான்சில் இந்தப் பெயரின் காலம் வேறு விதம். 1803 முதல் 1993 வரை நடைமுறையில் இருந்த சட்டப்படி, நாட்காட்டியில் உள்ள பெயர்களும் பழைய சரித்திரத்தில் அறியப்பட்ட பெயர்களும்தான் பிள்ளைகளுக்கு. (பெயர்க் கட்டுப்பாடு வந்ததும் கோட்டைக்குப் பெயர் வைத்ததும் ஒரே வருடம்.) அந்த நாட்காட்டிப் பெயர்களில் பிரெதெரிக் மெல்ல மேலேறி, 1970களின் தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகமாக வைத்த பெயர்களில் ஒன்றாகியது. பிறகு இறங்கியது. பிள்ளைப்பேற்று வார்டில் இப்போது யாரும் பிரெதெரிக் என்று எழுதுவதைக் காண்பது அரிது. ஐம்பது வயதுக்காரரின் கோப்பில்தான் காண்கிறோம். இங்கிலாந்திலோ "பிரெடி" என்ற சுருக்கம் மறுபடி குழந்தைகளுக்கு வந்து நிற்கிறது. பெயர்களுக்கும் சட்டைகளைப் போலக் காலம் உண்டு. 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசைப் பங்கிட்ட இருவரில் ஒருவர் செஞ்சிலுவையைத் தொடக்கிவைத்த ஹென்றி டுனாண்ட். மற்றவர் பாரிஸில் பிறந்த பிரெதெரிக் பஸ்ஸி. சமாதானப் பரிசு முதல் வருடமே சமாதானப் பெயரைத் தேடிப் போனது.

இப்போது நம் வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைப் பிரெஞ்சு மாதிரி மாற்றக் கேட்கலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நம் வாலிபர் சிலர் இதைப்பற்றிப் பேசுகிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக் குறைவு, பிறப்புப் பத்திரத்தில் கடைசியில் ஒரு எழுத்துக் கூட, கார்த் விதாலில் இன்னொரு மாதிரி. இது சிறிய தொல்லை அல்ல. வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றுவதற்கு முன் நாங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறோம். ஒரு எழுத்து இடித்தால் ஆய்வுகூடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், நோயாளி காத்திருக்க வேண்டும். ஆகவே எழுத்தைச் சீராக்குங்கள் என்று நாங்களே சொல்வோம். எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பெயரையே எடுத்துவிடுவது வேறு காரியம். "இது வெள்ளைக்காரன் பெயர்தானே, தமிழ்ப் பெயரை வைக்கலாமே" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "வேலை தேடும்போது இலேசு" என்று மறுபக்கம் அதையே பிரெஞ்சாக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. ஆனால் இரண்டு பேரும் பேசுவது ஒரு சொல்லைப் பற்றி. வீட்டில் கேட்டால் அது ஒரு ஆள். அந்த ஆளுக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்கள்? ஞானஸ்நானம் கொடுத்த ஐயரா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியரா, அல்லது கொள்ளுப்பாட்டி தன் நேர்த்திப்படி தானே தெரிந்தெடுத்தாரா? 1995இல் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளியேறியபோது பலர் கொண்டுவந்தது ஒரு பை மட்டும். ஞானஸ்நானச் சீட்டு அதற்குள் இருக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பதில் தெரிந்தவர்கள் எண்பது வயதுக்காரர். ஞாயிறு மத்தியானம் தொலைபேசியில் காணொளி அழைப்பு எடுத்தால் கிடைப்பார்கள். எடுத்து, முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, பிறகு இதைக் கேளுங்கள்.

சில வீடுகளில் பழைய குடும்ப வேதாகமம் தப்பி வந்திருக்கிறது. அதன் முன்பக்க வெற்றுத்தாளில் பிறந்த திகதிகளும் கலியாணத் திகதிகளும் மையால் எழுதியிருக்கும். அங்கே அப்பப்பாவின் பெயரைத் தமிழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: பிரெட்ரிக்கா, பிறட்றிக்கா, பிரேதரிக்குவா. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, பெயர் வைத்தவரின் கதையை நாலு வரியில் எழுதி, அடுத்த இதழுக்கு முன் வாலிபர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வில்லியம்மாரும் எட்வேட்மாரும் அனுப்பலாம்.